மிருதங்கத்தின் விலை ரசீதில் இருக்கிறதா?

பாலக்காட்டை அடுத்த பெருவெம்பில் செண்டை, மத்தளம், மிருதங்கம் கட்டும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அங்கே கட்டிய வாத்தியங்கள் வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்கும் வருகின்றன. இங்கிருந்து கேரளத்துக்குப் போகிறவையும் உண்டு. ஆனால் இடுக்கியில் ரயில் பாதையே கிடையாது. மூணாறு எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குத் தேனிப் பக்கத்திலிருந்து போகிற தவிலும் நாதஸ்வரமும் போடிமெட்டு வழியாக மலையேறித்தான் ஆக வேண்டும்.

இப்படி வாத்தியத்தை அனுப்பும்போது பார்சல் ஆபீஸ் கவுண்டரில் வழக்கமாக நடப்பது இது:

"உள்ள என்னங்க?"

"மிருதங்கம்ங்க. பாத்துப் போடுங்க."

"மதிப்பு எவ்வளவு எழுதட்டும்?"

"ஆயிரம்னு போட்டுக்குங்க."

வாடகை கூடிவிடுமோ என்ற பயத்தில் சொல்கிற ஆயிரம் அது. கட்டை பிளந்து வந்தால் அதற்கு மேல் கேட்க வழியில்லை.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, கூரியர்களுக்கும் பொருந்தும். அதன் கீழ் வந்த 2011 விதிகளின்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான் பொறுப்பு. அதுவும் படிவத்தில் எழுதிய மதிப்பைத் தாண்டாது. 25,000 ரூபாய் மிருதங்கத்தை 300 ரூபாய் வாடகையில் அனுப்பினால் 3,000 கிடைக்கும். ஆயிரம் என்று எழுதியிருந்தால் ஆயிரம்தான்.

ரயிலில் எடைக் கணக்கு. மதிப்பை முன்கூட்டிச் சொல்லிச் சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால், புக் செய்த லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய், பார்சலுக்கு 50. பத்துக் கிலோ மிருதங்கம் லக்கேஜில் தொலைந்தால் ஆயிரம் ரூபாய். 1990-ல் வந்த அந்த விதிகளில் யானைக்கே உச்சவரம்பு 6,000 ரூபாய்தான்; வாத்தியத்துக்குக் கேட்கவா வேண்டும்! புக் செய்யாமல் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனால், ரயில்வேயின் அலட்சியத்தை நிரூபிக்கும் பாடும் நம்முடையது.

உள்நாட்டு விமானத்தில் லக்கேஜுக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 டாலர். 2014-ல் உஸ்தாத் அம்ஜத் அலி கான் லண்டனிலிருந்து டெல்லி வந்தபோது அவருடைய சரோட் காணாமல் போனது; நாடெங்கும் செய்தியாகி, பிறகு கிடைத்தது. நம் ஊர்த் தவில்காரருக்காக யார் தலைப்புச் செய்தி போடப் போகிறார்கள்?

"பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்பது அநேகமாக எடுபடாது. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் (1996) கூரியர் படிவத்தில் இருந்த 100 டாலர் வரம்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் நாத் பிரதர்ஸ் வழக்கில் (2000), ரசீதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று இருந்தாலும் லாரிக் கம்பெனி தன் அலட்சியத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. ஆகவே அந்த முத்திரையைப் பார்த்ததும் பின்வாங்க வேண்டாம்.

கவுண்டரில் "இன்சூரன்ஸ் இருக்கு" என்றால் பாலிசி எண்ணைக் கேளுங்கள். மதிப்பைப் பொறுத்த கட்டணமாக எஃப்.ஓ.வி. என்று வாங்கும் தொகை பெரும்பாலும் பாலிசிக்கான பிரீமியம் அல்ல. வழிப்பயணத்துக்கான பாலிசி, லாரியில் போகிற சரக்குக்கும் 'மரைன்' என்ற பெயரில்தான் கிடைக்கும். அதிலும் மோசமான பேக்கிங்கும் பொருளின் இயல்பால் வரும் கேடும் விலக்கு: வெயிலில் வீணையின் மெழுகு இளகிவிட்டது என்றால் கை விரித்துவிடுவார்கள்.

வாத்தியம் வந்து சேர்ந்ததும் டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உறையைக் கழற்றுங்கள். வலந்தலையில் கரணை பெயர்ந்திருக்கிறதா, வார் அறுந்திருக்கிறதா, கட்டையில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பார்த்து, பழுதை அதே ரசீதில் எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். லாரி, கூரியர் என்றால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் போக வேண்டும். டெலிவரி நாளிலிருந்து அல்ல, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரயில்வேக்கு ஆறு மாதம். வெளிநாட்டு விமானத்தில் லக்கேஜ் சேதமென்றால் ஏழே நாள்.

லாரி, கூரியர் வழக்கில் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. முதலில் விவரம் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.