கல்பாசியின் கூட்டுக்குடித்தனம்

செட்டிநாட்டுக் கோழிக்குழம்புக்குத் தாளிக்கும்போது கல்பாசி இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. சூடான எண்ணெய் பட்டதும்தான் அதன் மணம் எழும். பார்மோட்ரீமா பேரினத்தைச் சேர்ந்த லைக்கன் அது. பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம்: பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது, பூஞ்சை இடமும் ஈரமும் தருகிறது. 1867இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இப்படிச் சொன்னபோது லைக்கன் ஆய்வாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று லைக்கனை வகைப்படுத்துவதே அதிலுள்ள பூஞ்சையை வைத்துத்தான்.

கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளில் மரங்களை நின்று பாருங்கள். பட்டையோடு பட்டையாக அப்பிக் கிடப்பது ஒருவகை. கல்பாசி இலையிலையாகப் படரும். கிளைகளில் இழையிழையாகத் தொங்குவது அஸ்னியா; என் கண்ணுக்கு அதுதான் பேரழகு! எதற்கும் வேர் கிடையாது. மழையிலும் பனியிலும் காற்றிலும் வருவதை உடம்பாலேயே உறிஞ்சுகின்றன. அதனால்தான் கந்தக டை ஆக்சைடு மிகுந்த நகரக் காற்றில் பல இனங்கள் மடிந்துபோகின்றன.

வளர்ச்சியோ பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். சுரண்டியெடுத்த பட்டையில் மறுபடி படரப் பல ஆண்டுகள் ஆகும். குழம்புக்கு இரண்டு துண்டு போதும், அள்ளிப் போடாதீர்கள்.