உங்களுக்குத் தெரியுமா? ‘அனலாக்’ தட்டுக்குள் இருந்த டிஜிட்டல்

பழைய ஆல்பங்களை உயர்ந்த விலையில் மறுபதிப்பு செய்யும் அமெரிக்க நிறுவனம் மொபைல் ஃபிடெலிட்டி. அதன் இசைத்தட்டுகள் பலவும் மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்படவில்லை, இடையில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கோப்பு இருந்தது என்பது 2022இல் வெளிப்பட்டது. 2011 முதலே இது நடந்துவந்திருக்கிறது. டிஜிட்டலைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிய ரசிகர்கள், அதுவரை அந்தத் தட்டுகளைத்தான் அனலாக் ஒலிக்கு முன்மாதிரியாகப் போற்றிவந்தார்கள். ஆக, மறுபதிப்பின் தரம் வேறிடத்தில் தீர்மானமாகிறது: எந்த நாடா, யார் வெட்டினார், ஆலை எப்படி அச்சிட்டது.

வெட்டுவதிலேயே ஒரு வரம்பு உண்டு: நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 12 அங்குலத் தட்டின் விளிம்பில், ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது ஏறக்குறைய 21 செ.மீ.தான். அதே இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால், கூர்மையான ஒலிகள் அங்கே சிதைகின்றன. ஒரே ஆல்பத்தை 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகளாகப் பிரிப்பது இதனால்தான்; அது வெறும் வணிக உத்தி அல்ல. அச்சிடும்போது மையத் துளை சற்று விலகினாலும் சுருதி அலையும். வினைல் அச்சை முழுமையாக நிரப்பாவிட்டால் சரசரப்பு எழும். பெருமையாக அச்சிடப்படும் ‘180 கிராம்’ எடை இந்தக் குறைகள் எதையும் தீர்ப்பதில்லை.

ஒலி நன்றாக இருந்தால் மூலத்தை மறைத்தது தவறில்லையா? தவறுதான். எதற்குப் பணம் தருகிறோம் என்று அறிவது வாங்குபவரின் உரிமை. தட்டுகளை வாங்கியவர்கள் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது முற்றிலும் நியாயம். ஆனால் அது நேர்மை பற்றிய வழக்கு, ஒலித்தரம் பற்றியதல்ல. உண்மை வெளிப்பட்ட பிறகே அந்த நிறுவனம் ஒவ்வொரு பதிப்பின் மூலத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடத் தொடங்கியது.