படிக்கப் போன இடத்தில் பிரிவுத் துயர்: உயர்கல்விக் கூடத்தில் ஒரு துணைக் கழகம் தொடங்குவது எப்படி?

செண்டாயான் - புதிய மாணவர் சேர்க்கை நடக்கும் வாரத்தில் சிரம்பான் டெர்மினல் ஒன் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஊறுகாய்ப் போத்தல், முறுக்கு டின், புதுத் தலையணை என்று பிள்ளையின் சாமான்களைத் தூக்கிக்கொண்டு குடும்பமே வந்திருக்கும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்பா, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்பார். இந்த விடைபெறல் எல்லார் கண்ணிலும் படும். கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு. அது முதல்நாள் இரவே கைப்பேசியில் முடிந்திருக்கும். அதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரப்பரும் செம்பனையுமாக இருந்த செண்டாயான் தோட்ட நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரம் எழுந்து நிற்கிறது. தொழிற்பேட்டையும் ஆகாயப்படைத் தளமும் வந்துவிட்டன. வேலை ஓரளவு வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் யு.பி.யு. வழி கிடைக்கும் பல்கலைக்கழக இடம் எங்கே அமையும் என்று யாரும் சொல்ல முடியாது. கெடா, சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்திற்கு இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கோத்தா சமரஹானில் உள்ள மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் கடலுக்கு அப்பால். ஒருவர் அங்கே படிக்க, மற்றவர் சிரம்பானிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார். நிச்சயம் ஆனவர்களும் இப்படிப் பிரிந்திருக்கிறார்கள். திருமணத்திற்குப் பிறகு படிக்கப் போனவர்களும் உண்டு.

இப்படிப் பிரிந்திருக்கும் மாணவர்களுக்கென உயர்கல்விக் கூடத்தில் ஒரு கழகம் தொடங்கலாமா? தொடங்கினால் அது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது? அதை விளக்குவதே இக்கட்டுரை.

பிரிவு நமக்குப் புதிதல்ல

தலைவன் தலைவியைப் பிரிவதற்கான காரணங்களைத் தொல்காப்பியம் சொல்லும்போது போர், தூது ஆகியவற்றோடு ஓதலையும் சேர்க்கிறது. ஓதல் என்றால் படிப்பு. கல்விக்காகப் பிரியும் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது என்ற வரையறையையும் கற்பியலில் வைக்கிறது. இன்றைய இளங்கலைப் படிப்புகள் பலவும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள்தாம். ஒரு வேறுபாடு உண்டு. அன்று படிக்கப் போனவன் தலைவன், காத்திருந்தவள் தலைவி. இன்று பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம். பல சமயம் பேருந்து ஏறுபவள் தலைவியாக இருக்கிறாள்.

நம் குடும்பக் கதைகளிலும் பிரிவு இருக்கிறது. மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள்தாம் நம் முன்னோரில் பலர். ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மாறும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் தேவைப்பட்டது. அது கிடைக்காமல் பலர் இந்தியா திரும்பினார்கள். ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் இங்கும் பாதிப் பேர் அங்கும் ஆனார்கள். மாதம் ஒரு கடிதத்திற்குக் காத்திருந்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள்.

ஆக, பிரிவில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைத் தனியாகச் சுமப்பதுதான் ஆபத்து. அகப்பாடல்களில் தலைவி தனியாக விடப்படுவதில்லை. அவளுக்குத் தோழி இருக்கிறாள். தோழி ஆறுதல் சொல்வாள், தேவைப்பட்டால் கண்டிப்பாள், ஆற்றியிருக்கத் துணை நிற்பாள். நாங்கள் தமிழியல் வகுப்பில் இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதே வகுப்பில் ஒரு தோழி மூன்று வாரம் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அவள் அந்தப் பருவத்தை நிறுத்திவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் காரணம் தெரிந்தது. அவளுக்கு அப்போது தேவைப்பட்டது அறிவுரை அல்ல, பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

முதலில் ஆறு பேர் போதும்

கழகம் என்றதும் பதாகை, டி-சட்டை, தொடக்க விழா என்று போக வேண்டாம். ஐந்தாறு பேர் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். உணவகத்தை விட நூலகத்தின் குழு அறை நல்லது. பக்கத்து மேசைக்குக் காது இருக்காது.

முதல் கூட்டத்திலேயே மூன்று விதிகளை எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஒருவருக்கு வந்த செய்தியையோ படத்தையோ மற்றவருக்குக் காட்டக்கூடாது. "அவனை விட்டுவிடு", "அவளைக் கட்டிக்கொள்" என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. புலனக் குழு வைத்தால் அதில் கூட்ட நேரத்தையும் இடத்தையும் மட்டும் போடுங்கள். சொந்தக் கதை அங்கே வேண்டாம். ஒரே ஒரு திரைப்பிடிப்பு செண்டாயான் வரைக்கும் வந்துவிடும்.

பெயரிலும் கவனம் தேவை. "காதலர் கழகம்" என்று எழுதிக்கொண்டு போனால் மாணவர் விவகாரப் பிரிவில் முதல் கேள்வியே வேறாக இருக்கும். உறுப்பினராகச் சேரக் கூச்சப்படுபவர்களும் சேர மாட்டார்கள். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்துக் காத்திருத்தல். "முல்லை" என்று பெயர் வைத்தால் பொருளும் பொருந்தும், கேட்பவர் முகமும் சுளிக்காது. காதலர், நிச்சயம் ஆனவர், மணமானவர், குடும்பத்தைப் பிரிந்த ஏக்கம் உள்ளவர் என எல்லாருக்கும் கதவைத் திறந்து வையுங்கள். அப்போது உள்ளே வரும் ஒருவரை, "இவர் காதலிக்கிறார்" என்று யாரும் முத்திரை குத்த முடியாது.

பதிவு செய்ய வேண்டுமா?

பொதுப் பல்கலைக்கழகங்களின் மாணவர் அமைப்புகள் 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. மாணவர்கள் இதை ஆக்கு சட்டம் என்பார்கள். குறிப்பிட்ட நோக்கத்திற்காகப் புதிய அமைப்பு தொடங்கக் குறைந்தது 30 மாணவர்கள் வேண்டும் என்பதும், பல்கலைக்கழகத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள விதி. தனியார் கூடங்கள் 1996ஆம் ஆண்டு தனியார் உயர்கல்விக் கூடச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஒவ்வொரு கூடமும் தனக்கென விதி வைத்திருக்கும். ஆகவே முதலில் மாணவர் விவகாரப் பிரிவில் விசாரியுங்கள்.

பொதுவாகக் கேட்கப்படுபவை இவை: நோக்கமும் விதிகளும் அடங்கிய அமைப்புச் சட்டம், செயற்குழுப் பட்டியல், ஆலோசகராக ஒரு விரிவுரையாளர், ஓராண்டுத் திட்டம். நோக்கத்தை மாணவர் நலன், மனநலம், படிப்பில் நிலைத்திருத்தல் என்ற சொற்களில் எழுதுங்கள். உண்மையில் கழகத்தின் வேலையும் அதுதான். ஆலோசகராக ஆலோசனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

30 பேர் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். ஏற்கனவே பதிவு பெற்ற தமிழ்ப் பேரவை, இந்திய மாணவர் அமைப்பு, சக மாணவர் ஆலோசனைக் குழு இவற்றில் ஒன்றின் கீழ் ஒரு பிரிவாகத் தொடங்கலாம். ஓராண்டு நன்றாக நடந்த பிறகு தனிக் கழகத்திற்கு விண்ணப்பித்தால், காட்டுவதற்கு வேலை இருக்கும். சந்தா வாங்கினால் அதைப் பல்கலைக்கழகம் காட்டும் கணக்கில் போடுங்கள்; யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்காதீர்கள்.

கூட்டத்தில் என்ன பேசுவது?

ஒரு கூட்டத்திற்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் பேச்சு புலம்பலாக மாறாது.

முதல் பொருள், தொலைபேசி நேரம். இரவு ஒரு மணி வரை பேசிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் தூங்குவது பழக்கமானால், படிப்பும் போகும், கோபமும் வரும். கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் ஆகிய இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. தூரத்தில் இருக்கும் இணைகள் நெருக்கத்தில் குறைந்தவர்கள் அல்லர், மனத்தில் இருப்பதை அதிகம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று அது காட்டியது. கூடவே, எதிரில் இல்லாதவரை உயர்த்திக் கற்பனை செய்துகொள்வதும் நடக்கிறது என்றது. ஆகவே எத்தனை மணி நேரம் பேசினோம் என்பதை விட என்ன பேசினோம் என்பதே முக்கியம். வாரத்திற்கு எந்தெந்த நாள், எத்தனை நிமிடம், தேர்வு வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். இந்தியாவில் மருத்துவம் படிப்பவரோடு பேசுகிறீர்களா? அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. யார் தூக்கத்தை விட்டுக்கொடுப்பது என்பதையும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

இரண்டாவது, பணம். பி.டி.பி.டி.என். கடன் படிப்புக்கு வந்த பணம். திடீர்ப் பயணத்திற்கும் விலை உயர்ந்த பரிசுக்கும் அது போனால் பருவ இறுதியில் மெகி மீதான் மிஞ்சும். விடுமுறையில் சிரம்பான் பக்கம் போகிறவர்கள் பட்டியல் ஒன்றைக் கழகம் வைத்திருந்தால், காரைப் பகிர்ந்துகொள்ளலாம், பேருந்துச் சீட்டை முன்கூட்டியே வாங்கலாம்.

மூன்றாவது, சந்தேகம். "எங்கே இருக்கே, படம் அனுப்பு" என்று மணிக்கொரு முறை கேட்பது அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். கடவுச்சொல்லைக் கேட்பதும், இருக்குமிடம் காட்டச் சொல்லி வற்புறுத்துவதும், அந்தரங்கப் படம் கேட்பதும் அன்பில் சேராது. மிரட்டலாக விடாமல் பின்தொடர்வது குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி 2023 முதல் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இணையத்தில் மட்டுமே பழகிய ஒருவர் பணம் கேட்டால், அது காதல் மோசடியாக இருக்கலாம். பணம் கைமாறிவிட்டால் தாமதிக்காமல் 997 எண்ணில் தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தை அழையுங்கள்.

நான்காவது பொருளை யாரும் எதிர்பார்ப்பதில்லை: மீண்டும் ஒன்று சேர்வது. லாரா ஸ்டாஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தூரத்திலிருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த இணைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்திற்குள் பிரிந்துவிட்டது. கைப்பேசியில் தெரிந்த ஆளும் நேரில் இருக்கும் ஆளும் ஒன்றல்ல என்று அப்போதுதான் தெரிகிறது. கடைசிப் பருவ மாணவர்களுக்கு இதை ஒரு கூட்டமாகவே வைக்கலாம்.

கழகத்தின் எல்லை

சந்திப்பு இடம் ஏற்பாடு செய்வது, ஜோடி சேர்ப்பது, விடுதி விதியை மீற உதவுவது ஆகியவை கழகத்தின் வேலை அல்ல. இவற்றில் ஒன்று நடந்தாலும் கழகம் மூடப்படும், அதில் நம்பி வந்தவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

உறவு முறிந்துவிட்ட ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்கு வராமல் இருந்தால் சக மாணவரின் ஆறுதல் மட்டும் போதாது. பல்கலைக்கழக ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். "போய்ப் பார்" என்று சொல்லிவிடாமல் கூடவே நடந்து போங்கள். உயிரை விடுவது பற்றிப் பேசினால் இரகசியம் காக்கும் விதி அங்கே செல்லாது. அவரைத் தனியே விடாமல் உடனே ஆலோசகருக்கோ விடுதிப் பொறுப்பாளருக்கோ சொல்ல வேண்டும். இந்த விதிவிலக்கை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555 ஆகிய எண்களைக் கூட்ட அறையின் பலகையில் எழுதி வைக்கலாம்.

வீட்டுக்குச் சொல்வது

பெற்றோருக்குத் தெரியாமல் எத்தனை நாள் என்ற கேள்வி ஒரு நாள் வரத்தான் செய்யும். அகப்பொருளில் அறத்தொடு நிற்றல் என்ற துறை உண்டு. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், பிறகே தந்தைக்கும் தமையனுக்கும் போகும். உண்மையை மறைக்காமல், அதே சமயம் தலையில் போட்டு உடைக்காமல் சொல்லும் வழி அது. கழகமும் இதைக் கற்றுக்கொள்ளலாம். உறுப்பினர் கேட்டுக்கொள்ளாமல் அவர் வீட்டுக்கு யாரும் சொல்லக்கூடாது. அவரே சொல்ல நினைத்தால், அக்காவிடம் முதலில் சொல்வதா, சித்தியிடமா, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று உடன் உட்கார்ந்து யோசிக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பாட்டியையோ தாத்தாவையோ கூட்டத்திற்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கடிதம் வரும் நாளை எண்ணிக் காத்திருந்தவர்கள் அவர்கள். பிரிவைப் பற்றிப் பேசினாலே பெரியவர்கள் திட்டுவார்கள் என்ற பயம் அன்றைக்குக் கொஞ்சம் குறையும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அடுத்த முறை டெர்மினல் ஒன்னில் பிள்ளையை ஏற்றிவிடும்போது, "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "அங்க பேச உனக்கு யாராவது இருக்காங்களா?" இல்லை என்று பிள்ளை சொன்னால், ஆறு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.