ஏலப் பட்டியலில் ஒரு வரி

ஏலம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், தரகர் சுத்தியல் தட்டும் மண்டபமே நம் மனக்கண்முன் தோன்றும். அம்மண்டபம் இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. நம் பழைய மாணவருட் சிலர் தேயிலைப் பொதி, பழைய தபால்தலை, பித்தளைப் பாத்திரம் முதலியவற்றை இணையவழி ஏலத்தில் விற்க முற்படுகின்றனர். விளக்கத்தைப் பத்தி பத்தியாக எழுதும் அன்னார், தலைப்பு வரியை மட்டும் ஏனோதானோவென்று எழுதி முடிக்கின்றனர். வாங்குவோர் முதலிற் காண்பதோ அவ்வரியையே. அதனை எவ்வாறு எழுதுதல் வேண்டும் என்பதை நம் மலைநாட்டுத் தேயிலையைக் கொண்டே அறியலாம்.

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1883 ஜூலை 30ஆந் திகதி, கொழும்பில் சொமர்வில் கம்பனியாரின் அலுவலகத்தில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நிகழ்ந்தது. அவ்வேலம் 2020 ஏப்ரலில், கொள்ளைநோய் பரவிய வேளை, இணையத்துக்கு மாறியது. மண்டபம் போயினும் பட்டியலின் வரி போகவில்லை. லொட் இலக்கம், தோட்டத்தின் மார்க், இன்வொய்ஸ் இலக்கம், தரம், பொதிகளின் தொகை, நிறை ஆகியனவே அதில் உள்ளவை. ‘அருமை’, ‘அற்புதம்’ என்னும் சொற்களுக்கு அங்கே இடமில்லை.

தரத்தைக் குறிக்கும் எழுத்துகளை நோக்குக. பீ.ஓ.பீ. என்பது புரோக்கன் ஒரேஞ் பீக்கோ. தோடம்பழத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. பீக்கோ என்பது இளங்கொழுந்தின் வெண்ணிறப் பூமயிரைச் சுட்டும் சீனச் சொல்லினின்று வந்தது. மூன்றெழுத்தைக் கண்ட அளவில் இலை உடைந்ததா, முழுமையானதா, எத்துணைப் பருமனுடையது என்பவற்றை வணிகர் உணர்ந்துகொள்வர். வரியிற் கூறியது பொய்யாயின், முன்கூட்டியே அனுப்பப்படும் மாதிரியைச் சுவைப்பவரின் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும், மார்க்கின் மதிப்புக் குன்றும், விலை வீழும். காலைப் பெரட்டு முடிந்து கூடையுடன் மலையேறும் நம் தாய்மாரின் பெயர் அவ்வரியில் இல்லை. ஆயினும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவர்கள் கிள்ளாதிருப்பின் அம்மூன்றெழுத்தும் வெற்றெழுத்தே.

தனியொருவர் விற்கும் பொருளுக்கோ சுவை பார்ப்போர் இலர். வரியே மாதிரியின் வேலையையும் செய்தல் வேண்டும். ‘மலைநாட்டின் ஈடிணையற்ற தேயிலை! தவறவிடாதீர்!’ என்று எழுதுவோர் பலர். இதில் தேடுவோர்க்கு உதவும் சொற்கள் இரண்டே. ‘நுவரெலியா பீ.ஓ.பீ. தேயிலை 400 கிராம், பெப்ரவரிக் கொழுந்து’ என்று எழுதின், இடமும் தரமும் நிறையும் பருவமும் ஒருங்கே விளங்கும். தைமாதந் தொட்டுப் பங்குனி வரையுள்ள காலத்து நுவரெலியாக் கொழுந்தின் மணத்தை அறிந்தவர் ‘பெப்ரவரி’ என்ற சொல்லுக்கே கூடிய விலை கேட்பர்.

ஈபே என்னும் ஏலத்தளம் தலைப்புக்கு 80 குறிகளே அளிக்கின்றது. இங்கே தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று கூறல் வேண்டும். உயிர்மெய்யை ஓரெழுத்தெனக் கொள்வது நம் இலக்கணம். கணினியோ மெய்யையும் உயிர்க்குறியையும் பெரும்பாலும் வெவ்வேறாக எண்ணும். ‘நுவரெலியா’ நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு ஒன்பது. ஆகவே அடைமொழிக்கு இடங்கொடுப்பது நமக்கு இன்னும் கட்டுப்படியாகாது.

குறையை மறைத்தலும் ஆகாது. அத்தளத்தை 1995இல் தொடங்கிய பியர் ஒமிட்யார், முதலில் விற்றது பழுதுற்ற லேசர் சுட்டி ஒன்றையே. 14.83 டொலருக்கு ஒருவர் அதனை வாங்கினார். பழுதானது என்பதை அறிவீரோ என்று வினவியபோது, பழுதான சுட்டிகளையே தாம் சேகரிப்பதாக அவர் விடையிறுத்தாராம். விளிம்பு கிழிந்த தபால்தலையை ‘விளிம்பு கிழிந்தது’ என்றே எழுதுக.

இனி, நம் சொல்லைவிட வாங்குவோர் சொல்லே முதன்மை பெறும். 1972க்கு முற்பட்ட தபால்தலையைச் சேகரிப்போர் ‘சிலோன்’ என்றே தேடுவர். ‘ஸ்ரீலங்கா’ என்று எழுதினால் அவர் கண்ணிற் படாது போகலாம். தோட்டப் பெயரும் அத்தகையதே. ஆங்கிலத்தில் ஒன்றும் நம் மக்கள் வாயில் வேறொன்றுமாக இரு பெயருடைய தோட்டங்கள் ஹட்டன் பகுதியிற் பல. கொழும்பிலும் கடலுக்கப்பாலும் அறியப்பட்டது மார்க்கின் பெயரே. அதனைத் தலைப்பில் எழுத்துப்பிழையின்றி இடுக. அதன் கீழ்வரும் விளக்கத்தில், முதல் வாக்கியத்திலேயே, நம்மவர் வழங்கும் பெயரை எழுதுக. அதற்கு அங்கே இடமுண்டு.