உங்களுக்குத் தெரியுமா? எத்தியோப்பியாவின் ஓட்ட மன்னன் யார்?

எத்தியோப்பியாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் யார் என்றால் முதலில் வரும் பெயர் அபெபே பிக்கிலா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றவர். 1964இல் டோக்கியோவில் ஓடியபோது குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அங்கும் தங்கம்! எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சோர்ந்து விழாமல், புல்தரையில் படுத்து உடற்பயிற்சி செய்தார்.

ஹைலி கெப்ரசெலாசிக்கு 10,000 மீட்டரில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம். பள்ளிக்குப் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு ஓடிய பழக்கத்தால், பந்தயத்திலும் அவரது இடக்கை மடங்கியே இருக்கும்.

கெனெனிசா பெக்கேலே 2008 பெய்ஜிங்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டையும் வென்றார். 2019 பெர்லின் மாரத்தானில் உலக சாதனை 2 விநாடியில் கைநழுவியது. தடகளம், சாலை, சேற்று மண்ணில் கிராஸ் கன்ட்ரி என மூன்றிலும் கொடி நாட்டியதால், நம் ஓட்டு பெக்கேலேவுக்கே.