உணவும் நாட்குறியும்

பொதிய மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கும் தாமிரபரணி, தன் இரு கரைகளையும் நெல்வயல்களாக்கிச் செல்கிறது. காருக்கும் பிசானத்துக்கும் நாற்று நட்ட இப்பகுதி மக்கள், சோற்றின் அருமையை நன்கு அறிந்தவர்கள். மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றிப் பழஞ்சோறாக உண்டனர். சில வேளைகளில் அதனை அரைத்து, வடகமாக இட்டு வெயிலில் உலர்த்தினர். மோரில் ஊறிய மிளகாய் வற்றலாயிற்று. கல்லிடைக்குறிச்சி அப்பளம் இன்றும் புகழ் பெற்றுள்ளது. ஈரம் நீங்கிய பண்டத்தில் நுண்ணுயிர்கள் எளிதிற் பெருகுவதில்லை என்பதே இம்முறைகளின் உட்பொருளாகும். அன்று இப்பண்டங்களின்மீது எவரும் நாள் குறிக்கவில்லை. கண்ணும் மூக்கும் நாவுமே அவற்றின் நிலையை உணர்த்தின.

இன்றோ, திருநெல்வேலிக் கடைகளிலும் உணவுப் பொருள்கள் பல உறைகளில் அடைக்கப்பட்டே வருகின்றன. வாங்குவோர் உள்ளிருப்பதை முகர்ந்து பார்த்தல் இயலாது. ஆதலால் உறையின்மீது நாள் அச்சிடப்படுகிறது. அந்நாட்குறி இருவகைப்படும். ஒன்று, 'காலாவதி நாள்'. மற்றொன்று, 'இந்நாளுக்கு முன் உண்பது சிறந்தது' என்பது. முன்னது உணவின் பாதுகாப்பைப் பற்றியது. அந்நாள் கடந்த பண்டத்தை விற்றலும் உண்ணலும் கூடா. பின்னது சுவை, மணம், மொறுமொறுப்பு ஆகியவற்றைப் பற்றியது. உறை பிரியாமல், கூறியவாறு வைக்கப்பட்ட பண்டம், அந்நாளுக்குப் பின்னும் உண்ணத்தக்கதாய் இருத்தல் கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், காலாவதி நாளைக் கட்டாயமாக்கின; மற்றதை உற்பத்தியாளர் விருப்பத்திற்கு விட்டன.

இவ்வேறுபாட்டை அறியாதார், எந்த நாளைக் கண்டாலும் அஞ்சி, நல்ல உணவையும் குப்பையில் எறிகின்றனர். வேறு சிலர் தேவைக்கு மேல் வாங்கி, அடுக்கின் பின்புறத்தில் மறந்துவிடுகின்றனர். நினைவு வரும்போது நாள் கடந்திருக்கும். 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு கழிவாயிற்று என்றும், அதில் 100-க்கு 60 பங்கு இல்லங்களிலிருந்தே வந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணித்துள்ளது. அரிசி வீணாகும்போது, அதை விளைவித்த ஆற்று நீரும் உழவரின் உழைப்பும் உடன் வீணாகின்றன.

எனினும், சிக்கனம் கருதி உடல்நலத்தை இழத்தல் அறிவுடைமை ஆகாது. நோய்தரும் நுண்ணுயிர்களுட் சில, உணவின் மணத்தை மாற்றுவதில்லை. பால், இறைச்சி போன்றவற்றில் மூக்கை மட்டும் நம்புதல் தீது. வெயிலில் கிடந்த பால், குறித்த நாளுக்கு முன்னரே கெடும். அச்சிட்ட நாள் உணவைக் காப்பதில்லை. வைக்கும் முறையே காக்கிறது.

எனவே, தேவைக்கு அளவாக வாங்குதல், பழையதை முன்னும் புதியதைப் பின்னும் அடுக்குதல், நாட்குறியின் பொருளை உணர்ந்து படித்தல் ஆகிய மூன்றையும் மாணவர்கள் தத்தம் இல்லங்களில் பழக்கமாக்குதல் வேண்டும். முன்னோர் வெயிலைக் கொண்டு காத்த உணவை, இக்காலத்தார் அறிவைக் கொண்டு காத்தல் கடமையாகும்.