மாமாவின் வில்

போன இலையுதிர் காலத்தில் என் மகனோடு வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இருபது வருடங்களாக ஒரே கூட்டாளியுடன் வில்வேட்டைக்குப் போகிறாராம். வழிகாட்டி கிடையாது. கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டு ஒரு வாரம் மலைக்குள். இங்கே பல மாநிலங்களில் துப்பாக்கிக்கு ஒரு பருவம், வில்லுக்குத் தனியாக ஒரு பருவம் உண்டு. அனுமதிச் சீட்டு வாங்கினால் சட்டப்படி மான் அடிக்கலாம். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த தம்முடைய வில்லின் படத்தைக் காட்டினார். என் மனைவி காப்பி போடும் சாக்கில் உள்ளே போய்விட்டாள். எனக்கோ பீர்மேடும் மாமாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

நம் சங்க அன்பர்கள் பலருக்குப் பீர்மேடு என்றால் கோட்டயத்திலிருந்து தேக்கடிக்குப் போகிற வழியில் ஒரு குளிர்ந்த ஊர், அவ்வளவுதான். நான் பிறந்தது அந்தத் தாலுகாவில், வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பீர் முகமது என்ற சூஃபி ஞானி தங்கியதால் வந்த பெயர் என்பார்கள்; தக்கலையில் அடங்கியிருக்கிற தமிழ்ப் புலவர்தாம் அவர். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டார்கள், சேரவில்லை. அது வேறு கதை, இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

என் தாய்மாமன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய கூட்டாளி குமுளிப் பக்கத்து மன்னான் குடியைச் சேர்ந்தவர், மாமாவைவிட நான்கு வயது மூத்தவர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். இன்றும் அவர்களுக்குக் கோழிமலையில் ஒரு ராஜா உண்டு. வில்லைச் செய்தது பெரியப்பா. மூங்கில் வில், நார் முறுக்கிய நாண், கொல்லுப்பட்டறையில் தட்டிய இரும்பு முனை. இருபது முப்பது அடிக்குள் மிருகம் வந்தால்தான் அம்பு உதவும். ஆகவே வேட்டை என்பது பெரும்பாலும் நடையும் காத்திருப்பும்தான். ஒரு துணியில் அடுப்புச் சாம்பலை முடிந்து வைத்திருப்பார்கள். அதைத் தட்டினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். பெரியப்பா முன்னால், மாமா பின்னால். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிற காலடி நின்றால் அவரும் நிற்க வேண்டும், அது மீண்டும் கேட்டால்தான் நடக்க வேண்டும். பேச்சே கிடையாது.

1971-இல் ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அது சரணாலயக் காடு. 1934-லேயே திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் அங்கே சரணாலயம் அறிவித்தாகிவிட்டது. நாங்கள் செய்தது குற்றம் என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பெட்டை மிளா ஓடைக்கு இறங்கியது. மாமா எய்த அம்பு கொஞ்சம் பின்தள்ளி வயிற்றில் பட்டது. அடிபட்ட மிருகத்தை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டால் கிட்டத்திலேயே படுத்துவிடும். காத்திருந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரத்தச் சொட்டுகளை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பகல் முழுக்க அட்டைக்கடியோடு தேடினோம், கிடைக்கவில்லை. துப்பாக்கியைவிட வில் நேர்மையானது என்று யாராவது என்னிடம் சொன்னால் அந்த மழைதான் நினைவுக்கு வரும். திரும்பும்போது பெரியப்பா நாணைக் கழற்றிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வில்லைத் தொடவில்லை.

மாமா விடவில்லை. துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978-இல் பெரியாறு புலிகள் காப்பகம் ஆயிற்று. பெரியப்பா வனத்துறையில் வாச்சராகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் மாமா பிடிபட்டார். வழக்கு, அலைச்சல், தோட்டத்து வேலையும் போனது. அத்தை கடைசி வளையல்வரை விற்றாள். காட்டிக்கொடுத்தது பெரியப்பாதான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம். மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருடங்களில் காடு பட்ட பாடு சாதாரணமல்ல. தந்தத்துக்காகக் கொம்பன்களைக் கொன்று கொன்று, 1980-களின் இறுதியில் நூறு பெண் யானைகளுக்கு ஒரு வளர்ந்த ஆண் யானைகூட இல்லை என்ற நிலை. மலையாளத்தில் வயணா என்கிற காட்டு இலவங்கமரத்தைப் பட்டைக்காக உரித்துத் தள்ளினார்கள். இதற்கு வழிகாட்டி எவரும் தேவைப்படவில்லை. வாச்சர்களைவிட அவர்களுக்குத்தான் தடம் அதிகம் தெரியும்.

1996-இல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. பட்டை உரித்தவர்களில் 23 பேர் 1998-இல் வனத்துறையோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். திருட்டுத்தனமாக நடந்த அதே தடங்களில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய் இரவு கூடாரத்தில் தங்கவைப்பதும், கூடவே காவல் பார்ப்பதும் அவர்கள் தொழிலாயிற்று. நம் தேனிப் பக்கத்தில் முன்பு திருட்டு வேட்டையாடியவர்களும் ‘விடியல்’ என்ற பெயரில் ஒரு சங்கம் வைத்து, குமுளியிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டிப் பயணம் நடத்தினார்கள். 2002-இலிருந்து ‘வசந்த சேனை’ என்று அந்த ஊர்ப் பெண்கள் கூலி வாங்காமலே காட்டுக்குள் காவல் சுற்று வருகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தாள்.

2005 ஜனவரியில் விடுமுறைக்குப் போனபோது, மாமாவைத் தேக்கடியில் ஒரு நாள் நடைக்கு வற்புறுத்திக் கூட்டிப்போனேன். சீட்டு வாங்கி, வழிகாட்டியோடுதான் உள்ளே போகமுடியும். தனியே விடமாட்டார்கள். “நமக்கு எதுக்கு வழிகாட்டி?” என்று மாமா முணுமுணுத்தார். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை கட்டும் துணிக் காலுறையைக் கொடுத்தபோது சிரிக்கவே சிரித்துவிட்டார்.

வந்த வழிகாட்டி பெரியப்பாவின் பேரன். இது எனக்கு முன்பே தெரியும், மாமாவுக்குச் சொல்லவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவும் படகுத்துறைப் பக்கம் காத்திருந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“அன்னைக்கு நாந்தான் சொன்னேன், தம்பி.”

“தெரியும்ணே.”

“ரெண்டு தடவ ஆள் விட்டுச் சொன்னேன், போகாதேன்னு.”

“அதுவும் தெரியும்.”

இவ்வளவுதான் பேச்சு. அதற்காகவா இருபது வருடம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். கடைசிவரை சொல்லவில்லை.

பேரன் பறவைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டு முன்னே போனான். ஏரிக்கரையில் மிளாக்கூட்டம் ஒன்று நின்றது. எங்களைக் கண்டும் ஓடவில்லை. மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்கு அப்போதே மூட்டுவலி. பெரியப்பா பத்து அடி முன்னால் போய்க்கொண்டிருந்தவர், பின்னால் காலடி நின்றதும் தானும் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மறுபடி நடக்கத் தொடங்கிய சத்தம் கேட்ட பிறகு அவரும் நடந்தார்.